புள்ளி குறைந்தால் வாழ்வு குறையுமா?

ஆண்டுதோறும் க. பொ. த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவரும்போது கொழும்புவாழ் தமிழரின் இல்லங்கள் இரு கூறாகின்றன. வெள்ளவத்தையில் ஒரு வீட்டிலே கற்கண்டு வழங்கப்படுகிறது. அடுத்த வீட்டின் கதவு அடைத்துக் கிடக்கிறது. கொட்டாஞ்சேனையிலும் இதே காட்சிதான். உயிரியற் பிரிவிற் பயின்ற பிள்ளைக்கு மருத்துவ பீடம் கிடைத்தால் அது குடும்பத்தின் பெருமை. கிடைக்காவிடின் அது குடும்பத்தின் இழுக்கு! இந்த மனப்பான்மை நம்மிடையே ஆழ வேரூன்றிவிட்டது. இதனால் விளைவது சில பெற்றோரின் கண்ணீர் மட்டுமன்று. நம் சமுதாயத்துக்கே பெருநட்டம் என்பதை எடுத்துரைக்க விரும்புகிறோம்.

ஒரு துறையைச் சான்றாகக் கொள்வோம். தொழில்வழிச் சிகிச்சை என்பது அதன் பெயர். பெயரைக் கேட்டதும் வேலை தேடிக் கொடுக்கும் ஏற்பாடோ என ஐயுறுவோரும் உளர். பாரிசவாதத்தால் வலக்கை வழங்காதவர் மீண்டும் தம் கையாற் சோறு பிசைந்து உண்ணவும், இயந்திரத்திற் சிக்கி விரல் இழந்த கமக்காரர் மீண்டும் மண்வெட்டி பிடிக்கவும், மனநோயிலிருந்து தேறியவர் மீண்டும் ஓர் ஒழுங்கான நாளை வாழவும், வளர்ச்சி தாமதித்த குழந்தை தன் சட்டைப் பொத்தானைத் தானே பூட்டிப் பள்ளி செல்லவும் பயிற்றுவிப்பதே இத்துறை. மருத்துவர் உயிரைக் காக்கிறார். காத்த உயிருக்கு வாழ்வை மீட்டுக் கொடுப்பவர் இவர்.

இது நேற்று முளைத்த துறையன்று. 1917-இல் அமெரிக்காவில் இதற்கெனச் சங்கம் அமைந்தது. முதல் உலகப் போரில் அங்கவீனமுற்ற வீரர்கள் இதன் தேவையை உலகுக்கு உணர்த்தினர். 1950-இல் கமலா நிம்ப்கர் அம்மையார் பம்பாயில் இந்தியாவின் முதற் பயிற்சிக் கல்லூரியைத் தொடக்கினார். தமிழகத்து வேலூரிலே, 1954-இல் வீதி விபத்தில் இடுப்பின் கீழ் உணர்விழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே பணி தொடர்ந்தார். 1966-இல் அங்கு திறக்கப்பட்ட புனர்வாழ்வு நிலையத்துக்கு உயிர்நாடியாக விளங்கினார். இலங்கையில் சுகாதார அமைச்சின் பயிற்சிப் பள்ளி கொழும்பு தேசிய வைத்தியசாலையைச் சார்ந்து இயங்குகிறது. ராகமையிலுள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திற் பட்டநெறியும் உண்டு. கொட்டாஞ்சேனையிலிருந்து ராகமை கடல் கடந்த ஊரன்று. ஆயினும் அங்கு இப்படியொரு படிப்பு உண்டென அறிந்த தமிழ்ப் பெற்றோர் எத்தனை பேர்?

புள்ளி என்னும் அளவுகோல்

புள்ளியைப் பற்றிப் பேசும்போது பழைய காயமொன்று நமக்கு நோகிறது. 1970-71ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியில், மருத்துவத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவன் 229 புள்ளி பெற்றாற் போதும். தமிழ் மொழிமூல மாணவன் 250 பெறவேண்டும். பொறியியலில் முறையே 227, 250. பின்னர் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. இன்றோ 2001 முதல் நடைமுறையிலுள்ள இசட் புள்ளியைக் கொண்டு, பல துறைகளில் நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 மாவட்டங்களின் குடித்தொகை அடிப்படையிலும், 5 கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கெனவும் வழங்கப்படுகின்றன. கொழும்பு மாவட்டம் இப்பதினாறில் இல்லை. பெரும் பாடசாலைகள் குவிந்த மாவட்டமாதலின், கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய ஒழுங்கையில் மூவர் படுக்கும் அறையிலிருந்து படித்த தொழிலாளியின் மகளும் அப்பாடசாலைகளின் மாணவரோடே ஓடி முந்தவேண்டியிருக்கிறது.

ஆகவே புள்ளியே வேண்டாம் என்கிறோமா? இல்லை. புள்ளியை அகற்றிவிட்டால் அந்த இடத்திற் செல்வாக்கு வந்து குந்திக்கொள்ளும். எளியவனுக்குச் செல்வாக்கில்லை, புள்ளியே அவனது கேடயம். நாம் கூறுவது வேறு. தசமத்தின் பின் நான்கு இலக்கம் வரை கணக்கிடப்படும் எண்ணில் மூன்றாம் இலக்கத்திற் பின்தங்கிய மாணவி நோயாளியைத் தொடத் தகுதியற்றவள் என்று எந்த அறிவியலும் சொல்லவில்லை. எண் வரிசைப்படுத்தும், மனிதரை முழுதாக எடைபோடாது.

‘புள்ளி குறைந்தவரிடம் நோயாளியை ஒப்படைக்கலாமா?’ எனச் சிலர் வினவக்கூடும். நியாயமான வினாவே. உடற்கூற்றியலும் நரம்பியலும் கற்கமாட்டாதவர் இத்துறைக்கு வேண்டியதில்லை. அதற்குரிய குறைந்தபட்சத் தகுதி கண்டிப்பாக இருக்கவேண்டும். ஆனால் அந்த எல்லையைத் தாண்டியவர்களுள் எவரைத் தெரிவது என்ற இடத்திலே பொறுமை, கைத்திறன், பேச்சுப் பண்பு, மொழியறிவு ஆகியவற்றுக்கும் இடமளித்தல் வேண்டும். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம், விண்ணப்பதாரரைப் பல சிறு நேர்முகங்களில் வெவ்வேறு மதிப்பீட்டாளர் சோதிக்கும் முறையை இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்தது. ஒருவரின் விருப்பு வெறுப்பு முடிவை நிர்ணயிக்காதிருப்பதே அதன் சிறப்பு. இத்தகைய முறையை இங்கும் ஆராய்வதில் என்ன தடை?

மொழியும் மருந்தே

தொழில்வழிச் சிகிச்சையாளர் நோயாளியிடம் கேட்கும் முதல் வினா, ‘உங்கள் வீட்டில் நாள் எப்படிக் கழிகிறது?’ என்பதே. கிணற்றில் அள்ளிக் குளிப்பவரா, குழாயடியிலா? நிலத்தில் அமர்ந்து உண்பவரா? சேலை உடுப்பவரா? வயலுக்குப் போகும் வரம்பு எவ்வளவு அகலம்? இவ்வினாக்களுக்கு விடை பெறாமற் பயிற்சி வகுக்க இயலாது. வன்னியிலிருந்து வந்த தமிழ்த் தாயிடம் இவற்றை யார் கேட்பது? எந்த மொழியிற் கேட்பது? 1987-இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. ஏட்டில் எழுதிய உரிமை வைத்தியசாலைக் கட்டிலருகே வந்து நிற்கிறதா? தமிழிற் பேசி நோயாளரைப் பயிற்றக்கூடிய சிகிச்சையாளர் அரசாங்க சேவையில் எத்தனை பேர் என்பதைச் சுகாதார அமைச்சு பகிரங்கமாகக் கூறட்டும்.

2009-இல் முடிந்த போர் வடக்கிலும் கிழக்கிலும் கையிழந்தோரையும் காலிழந்தோரையும் விட்டுச் சென்றிருக்கிறது. அவர்களுள் உழவர் பலர். அவர்களை மீண்டும் நிலத்தில் நிறுத்தக்கூடிய பிள்ளைதான் ‘புள்ளி போதாது’ என்று இன்று வெள்ளவத்தை வீட்டின் அறைக்குள் அடைந்து கிடக்கிறது!

செய்யவேண்டியவை

மாணவர்க்கு ஒரு சொல். உயர்தரப் பரீட்சைக்கு மூன்று முறை தோற்றலாம் என்பதற்காக மூன்றையும் ஒரே கனவுக்குப் பலியிடவேண்டாம். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் மருத்துவத்தோடு நிறுத்தாது இத்துறையையும் விருப்ப வரிசையில் எழுதுங்கள். இதற்கும் போட்டி உண்டு, எளிதென்று எண்ணவேண்டாம். அமைச்சின் பயிற்சிக்கான அறிவித்தலையும் கவனித்திருங்கள்.

முதற் பட்டம் பெற்றும் சராசரிப் புள்ளி குறைந்தோர் வெளிநாட்டை நாடுகின்றனர். கனடாவில் இத்தொழிலுக்கு முதுகலைமாணிப் பட்டமே வாயில். அத்தகையோர் இறுதி ஆண்டுகளின் புள்ளியை உயர்த்துவதும், வைத்தியசாலையிலோ மாற்றுத்திறனாளர் இல்லத்திலோ தொண்டாற்றி அனுபவம் பெறுவதும், புள்ளி குறைந்த காரணத்தை மறையாது எழுதுவதும் பயன்தரும். தரகர் ‘இடம் வாங்கித் தருகிறோம்’ என்றால் நம்பிப் பணம் கட்டற்க. அப்படிப்பை உலகத் தொழில்வழிச் சிகிச்சையாளர் சம்மேளனம் ஏற்றுள்ளதா, திரும்பி வந்தால் இலங்கை மருத்துவ சபை பதிவு செய்யுமா என்று முதலிற் கேளுங்கள். காணியை ஈடுவைத்து மகனை அனுப்பும் கமக்காரத் தந்தைக்கு இவ்வெச்சரிக்கை இருமடங்கு பொருந்தும்.

அரசாங்கத்திடம் நாம் கோருவன மூன்று. பயிற்சிக்குச் சேர்ப்போர் தொகையை உயர்த்துக. தமிழ் பேசும் நோயாளரின் தொகைக்கேற்பத் தமிழறிந்தோரைத் தெரிக. வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் இப்பயிற்சி வேரூன்ற வழி செய்க. தலைநகரிலுள்ள நம் வழக்கறிஞர், மருத்துவர், கணக்காளர் ஆகியோரும் பழைய மாணவர் சங்கங்களும் விழா மேடைக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை இத்தகைய மாணவரின் படிப்புக்கு ஒதுக்கட்டும்.

மருத்துவனாகாத பிள்ளை தோற்ற பிள்ளை என்னும் பொய்யைப் பெற்றோரே முதலிற் களைய வேண்டும். அடுத்த பெறுபேறு வெளிவரும் நாளிலாவது அடைபட்ட கதவுகள் திறக்கட்டும். உள்ளே இருப்பது நம் மக்களுக்கு வேண்டிய கை.