சமுதாயக் கல்லூரிக்கும் ஆழ்வார்குறிச்சிக்கும் இடையே விடுபட்ட படி

குற்றாலத்தில் சீசன் நாள்களில் அருவிக்கரையில் குவியும் நெகிழியையும் எச்சில் இலைகளையும் அள்ளுவோர் எந்தத் தெருக்களிலிருந்து வருகிறார்கள் என்பதைத் தென்காசி வட்டாரத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அத்தெருக்களின் பிள்ளைகள் சுற்றுச்சூழல் அறிவியலில் பட்டம் பெற விரும்பினால் வழி உண்டா என்பதே நம் கேள்வி.

துறை தொலைவில் இல்லை. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் மையம் இதே மாவட்டத்தின் ஆழ்வார்குறிச்சியில்தான் இயங்குகிறது. ஆயின் அங்கு நடப்பது முதுகலைப் படிப்பு. குடும்பச் சூழலால் படிப்பை நிறுத்தி, சமுதாயக் கல்லூரியில் ஓராண்டுப் பட்டயம் பெற்ற ஒருவர் முதலில் இளங்கலைப் பட்டம் முடித்தாக வேண்டும். அந்த முதற்படியிலேயே அவரது பட்டயம் செல்லாக்காசாகிறது.

பாலிடெக்னிக் பட்டயம் பெற்றவர் பொறியியலில் நேரடியாக இரண்டாமாண்டில் சேரலாம். சமுதாயக் கல்லூரிப் பட்டயத்துக்குக் கலை அறிவியல் கல்லூரிகளில் அப்படியொரு பொது ஏற்பாடு இல்லை. மேற்படிப்புக்கு நகரும் வாய்ப்பு, பல்கலைக்கழக மானியக் குழுவின் சமுதாயக் கல்லூரித் திட்டம் அறிவித்த நோக்கங்களுள் ஒன்று. நோக்கம் தாளில் தங்கிவிட்டது. 2021இல் வந்த கிரெடிட் வங்கி விதிமுறைகள் ஈட்டிய கிரெடிட்டை ஏழாண்டுவரை சேமிக்க இடம் தருகின்றன. பதிவு பெறாத நிறுவனத்தில் படித்தவருக்கு அதனால் பயனில்லை.

உதவித்தொகைச் சிக்கலும் உண்டு. ஒரு நிலையை முடித்தபின் அதே நிலையில் வேறு பாடம் படிப்போருக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இல்லை என்பது நெடுங்கால விதி. பட்டயமும் இளங்கலைப் பட்டமும் ஒரே நிலையல்ல என்பதே சட்டம் பயின்றவர்களாக நமது வாசிப்பு. இவ்விதியைக் காட்டி எந்த அலுவலராவது மறுத்தால், வாய்மொழியோடு திரும்பிவிடாமல் எழுத்துப்பூர்வ ஆணையாகக் கேட்டுப் பெறுங்கள். மேல்முறையீட்டுக்கு அந்தத் தாள்தான் ஆதாரம்.

இன்னும் ஆழமான குழி வேறொன்று. பன்னிரண்டாம் வகுப்பு முடிக்காமலே பட்டயம், பின்பு திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பட்டம் என்று செல்வோரை நாம் தொடர்ந்து சந்திக்கிறோம். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முடித்தபின் பெற்ற திறந்தநிலைப் பட்டத்தையே அரசுப் பணிக்கு ஏற்கிறது 2009ஆம் ஆண்டின் 107ஆம் எண் அரசாணை. மூன்றாண்டு உழைப்பு வீணானதை வேலைக்கு விண்ணப்பிக்கும் நாளில் அறிவதைவிடக் கொடுமை இல்லை. தனித்தேர்வராகவேனும் பன்னிரண்டாம் வகுப்பை முதலில் முடித்துவிடுங்கள்.

குப்பையைத் தரம் பிரிக்கும் கைகளுக்குத் தெரிந்த அறிவைப் பாடமாக மதிப்பது சலுகையன்று. பட்டயத்துக்கு எத்தனை கிரெடிட், எந்தப் படிப்பில், எந்த ஆண்டில் ஏற்கப்படும் என்பதைப் பல்கலைக்கழகம் சேர்க்கை அறிவிப்பிலேயே வெளியிட வேண்டும். இக்கேள்விகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அடுத்த சேர்க்கைக்கு முன்பே பல்கலைக்கழகத்தின் பொதுத் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். முப்பது நாளில் பதில் தர அவர் கடமைப்பட்டவர்.