மரம் நின்றால் எல்லாம் காடா?

உட்லண்ட்ஸ் பேருந்து முனையத்தில் காத்திருக்கும் பத்து மாணவர்களிடம் அந்த வட்டாரத்தின் பெயருக்குத் தமிழில் என்ன பொருள் என்று கேட்டுப் பாருங்கள். பத்துப் பேரும் "காடு" என்றே சொல்வார்கள். ஆங்கிலத்தில் 'ஃபாரஸ்ட்' என்றாலும் நமக்குக் காடுதான், 'உட்லண்ட்' என்றாலும் காடுதான், 'ஜங்கிள்' என்றாலும் காடுதான். நாலு மரம் நெருங்கி நின்றால் போதும். அன்றாடப் பேச்சில் இதனால் எந்த நட்டமும் இல்லை. ஆனால் ஒவ்வொரு ஹெக்டர் நிலத்துக்கும் கணக்குப் பார்க்கும் சிங்கப்பூரில், இந்த ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இயற்கையைப் பற்றி வாதாடப் போனால் நாம் தோற்றுப்போவோம் என்பது என் கருத்து.

முதலில் வேறுபாட்டைப் பார்ப்போம். அதற்கு அளவுகோல் மரங்களின் எண்ணிக்கை அல்ல, தரையில் விழும் வெளிச்சம். புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதிக்குள், நடைபாதையிலிருந்து கொஞ்சம் உள்ளே பாருங்கள். தலைக்கு மேல் மரக்கிளைகள் அடுக்கடுக்காக வானத்தை மூடியிருக்கும். சூரிய ஒளியில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் தரைக்கு வந்து சேரும். அதனால் அங்கே புல் இல்லை, புதர் அதிகம் இல்லை. பென்சில் கனத்தில் நிற்கும் ஒரு செராயா கன்று, மேலே ஒரு பெரிய மரம் விழுந்து இடைவெளி கிடைக்கும்வரை ஆண்டுக்கணக்கில் பொறுத்திருக்கும். காற்று ஈரமாக, வெப்பம் ஏறத்தாழ ஒரே நிலையில் இருக்கும். இது காடு.

இன்னோர் இடத்தில் மரங்கள் இருக்கும். ஆனால் அவற்றின் தலைகள் ஒன்றோடொன்று முழுமையாக முட்டிக்கொள்வதில்லை. இடையிடையே வெயில் இறங்கும். வெயில் இறங்கும் இடத்தில் புல் முளைக்கும், புதர் மண்டும், கொடி படரும், பூக்கள் பூக்கும், பூச்சிகள் வரும், அவற்றைத் தின்னப் பறவைகள் வரும். இந்த வகை நிலத்துக்குத் தமிழில் பொதுவழக்கில் ஒரு சொல் இல்லாததால், இக்கட்டுரையில் 'மரவெளி' என்று அழைக்கிறேன். இதைவிட நல்ல சொல் வாசகர் யாரிடமாவது இருந்தால் மகிழ்ச்சியோடு மாற்றிக்கொள்வேன்.

மலாய் மொழிக்கு இந்தச் சிக்கல் இல்லை. 'ஹுத்தான்' என்றால் காடு. வெட்டியோ எரித்தோ விட்டுப்போன நிலத்தில் மீண்டும் முளைத்து எழுவது 'பெலுக்கார்'. அதிலும் இளம் பெலுக்கார், முதிய பெலுக்கார் என்று பிரித்துச் சொல்வார்கள். காட்டோடு வாழ்ந்த மக்களுக்கு அந்த வேறுபாடு வயிற்றுப்பாடு. எங்கே விறகு கிடைக்கும், எங்கே பிரம்பு கிடைக்கும் என்பது அதைப் பொறுத்தது.

நமக்கும் அந்தப் பார்வை இருந்திருக்கிறது. பள்ளியில் ஐந்திணை படிக்கும்போது முல்லை என்றால் காடும் காடு சார்ந்த இடமும் என்று மனப்பாடம் செய்கிறோம். அந்தக் காட்டில் யார் வாழ்கிறார்கள்? ஆயர்கள். என்ன செய்கிறார்கள்? மாடு மேய்க்கிறார்கள். புக்கிட் தீமா போன்ற அடர்காட்டில் மாடு மேய்க்க முடியாது. மேய அங்கே புல்லே கிடையாது. வரகும் சாமையும் விளைந்து, மானும் முயலும் திரிந்து, கொன்றை பூத்து நிற்கும் முல்லை நிலம், இன்றைய சூழலியல் மொழியில் சொன்னால் வெயில் இறங்கும் மரவெளிதான். திணை இலக்கணம் எழுதியவர்கள் சூழலியல் படிக்கவில்லை. கண்ணால் பார்த்ததை எழுதினார்கள்.

அதிகாரபூர்வ வரையறைகள் உதவுமா என்றால், குழப்பத்தைக் கூட்டவே செய்யும். ஐநாவின் உணவு, வேளாண்மை அமைப்பு காடு என்பதற்குத் தரும் வரையறை: அரை ஹெக்டருக்கு மேற்பட்ட நிலம், ஐந்து மீட்டருக்கு மேல் வளரும் மரங்கள், தரைப்பரப்பில் 10 விழுக்காட்டுக்கு மேல் மரநிழல். இதன்படி பால்மரத் தோட்டமும் காடுதான். ஆனால் செம்பனைத் தோட்டம் காடல்ல. ஆஸ்திரேலியர்கள் இன்னும் கறாராக, நிழல் 20 முதல் 50 விழுக்காடு இருந்தால் மரவெளி, 80 விழுக்காட்டைத் தாண்டினால் மூடிய காடு என்று பிரிக்கிறார்கள். எண் எதுவானாலும், வெளிச்சம்தான் அடிப்படை.

இனி சிங்கப்பூருக்கு வருவோம். இத்தீவில் மனிதக் கை அதிகம் படாத ஆதிக் காடு, மொத்த நிலப்பரப்பில் ஒரு விழுக்காடுகூட இல்லை. மீதிப் பசுமையில் பெரும்பகுதி பிறகு வந்தது. 19ஆம் நூற்றாண்டில் காம்பியர், மிளகுத் தோட்டங்கள் காட்டைத் தின்று தீர்த்தன. காம்பியர் இலையைக் காய்ச்சித்தான் தோல் பதனிட உதவும் சாற்றை எடுக்க வேண்டும். காய்ச்ச விறகு வேண்டும். விறகுக்குப் பக்கத்துக் காடு வேண்டும். பதினைந்து, இருபது ஆண்டுகளில் மண் சத்திழந்துவிடும். தோட்டக்காரர் அடுத்த காட்டுக்கு நகர்ந்துவிடுவார். பின்னர் வந்தது ரப்பர். அத்தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களில் தமிழர்களும் உண்டு. அதன்பின் கம்பங்கள் வந்தன, அவையும் போயின. ஆள் போன இடத்தில் பால்மரமும் டுரியானும் ரம்புத்தானும் பலாவும் நின்றுவிட, இடைவெளிகளில் மற்றவை முளைத்தன. இன்று டோவர், கிளமெண்டி, தெங்கா என்று நாம் 'காடு' என்று அழைக்கும் இடங்கள் பலவும் இப்படி உருவானவையே.

அவற்றில் மிக உயரமாக நிற்பது பெரும்பாலும் அல்பீசியா. இது நம் மண்ணின் மரமல்ல. மலுக்கு தீவுகள், நியூகினி பக்கத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்டது. உலகின் மிக வேகமாக வளரும் மரங்களில் ஒன்று. வேகமாக வளர்வதால் கட்டை மென்மையானது. பலத்த மழைக் காற்றில் கிளை முறியும், மரமே சாயும். எனவே நடைபாதைக்கும் வீடுகளுக்கும் அருகில் அது ஆபத்து என்று அதிகாரிகள் சொல்வதில் உண்மை இருக்கிறது. களை மரம் என்று தாவரவியலாளர் சிலர் முகம் சுளிப்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் வெண்வயிற்றுக் கடற்கழுகுக்கு இந்த வாதங்கள் தெரியாது. உயரமான, திறந்த கிளைகள் உள்ள மரம் அதற்குத் தேவை. அல்பீசியாவில் கூடு கட்டுகிறது. மாறும் நிறமுள்ள ராசாளிப் பருந்தும் அப்படியே. இறகு போன்ற அந்த மெல்லிய இலைகள் வெயிலை வடிகட்டிக் கீழே விடுவதால் அடியில் சிம்போ ஆயரும் மகாங் மரங்களும் தழைக்கின்றன. சில மகாங் வகைகளின் குழல் போன்ற தண்டுக்குள் எறும்புகள் குடியிருந்து மரத்துக்குக் காவல் காக்கின்றன. காம்பியர் சத்தை உறிஞ்சிவிட்டுப்போன புளித்த மண்ணில் 'தியூப் தியூப்' என்ற சிறு மரம் ஆண்டு முழுதும் பூக்கிறது. அதன் விதைகளை வெளவால்கள் பரப்புகின்றன. யாரும் நீரூற்றவில்லை, யாரும் உரமிடவில்லை.

மரவெளிக்கு ஆதரவாக ஒரே ஒரு சாட்சியை மட்டும் அழைக்கலாம் என்றால், வைக்கோல் நிறத் தலையுள்ள சின்னானை அழைப்பேன். மலாயில் 'பாராவ் பாராவ்'. இதன் பாட்டுக்கு ஈடில்லை, அதுவே அதற்கு எமனாயிற்று. கூண்டுப் பறவை வணிகத்துக்காகப் பிடித்துப் பிடித்து, ஜாவாவிலும் தாய்லாந்திலும் இல்லாமலே போய்விட்டது. 2018இல் இது அழிவின் விளிம்பில் உள்ள உயிரினமாக அறிவிக்கப்பட்டது. உலகில் எஞ்சியிருப்பவற்றில் கணிசமான பங்கு இப்போது சிங்கப்பூரில் வாழ்கிறது, குறிப்பாக புலாவ் உபினில். எங்கே? அடர்காட்டின் நடுவில் அல்ல. காட்டோரத்திலும் பெலுக்காரிலும் பழைய தோட்டங்களிலும்தான். பரந்த காடுகள் உள்ள நாடுகள் காப்பாற்ற முடியாத ஒரு பறவையை, நாம் 'வெறும் புதர்' என்று சொல்லும் இடங்கள் காப்பாற்றி வைத்திருக்கின்றன.

அப்படியானால் மரவெளி இருந்தால் போதும், காடு எதற்கு என்று எதிர்த்திசையில் ஓடிவிடவும் கூடாது. ராஃபிள்ஸ் பட்டைக் குரங்குகள் மத்திய நீர்ப்பிடிப்பு வனப்பகுதியைச் சார்ந்தே வாழ்கின்றன. உச்சிக் கிளைகளின் தொடர்ச்சி அவற்றுக்குத் தேவை. செராயாவின் குடும்பத்து மரங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பெருமளவில் பூக்கும். சிறகு முளைத்த அந்தக் கனத்த விதைகள் தாய்மரத்தை விட்டு அதிக தூரம் போவதில்லை. முளைக்காவிட்டால் விரைவில் செத்துவிடும். அதனால்தான் வெட்டப்பட்டு நூறாண்டு ஆன பிறகும் நம் இரண்டாம் நிலைக் காடுகளில் ஆதிக் காட்டின் மரங்கள் பல திரும்பவில்லை. 2020இல் தொடங்கிய பத்து லட்சம் மரங்கள் நடும் இயக்கம் எனக்குப் பிடித்த திட்டம். ஆனால் அதில் எத்தனை மரம் நட்டாலும் ஒரு புக்கிட் தீமா கிடைக்காது. சாலையோர மரவரிசை ஒரு மரவெளியும் ஆகாது.

சொல் குழப்பத்துக்கு நாம் கொடுக்கும் விலை இங்கேதான். 2020 இறுதியில் கிளமெண்டி காட்டின் பனி படர்ந்த காணொளி பரவியபோதும், அதையொட்டி டோவர் பற்றிய விவாதம் எழுந்தபோதும், நம் இளையர்கள் பலர் மனுவில் கையெழுத்திட்டார்கள். 'நம் ஆதிக் காட்டைக் காப்போம்' என்ற தொனியில் பதிவுகள் வந்தன. உடனே மறுதரப்பு எளிதாகச் சொல்லிவிட்டது: அது ஆதிக் காடே அல்ல, கைவிடப்பட்ட தோட்டம், கிளமெண்டி 1998 முதலே குடியிருப்புக்கு ஒதுக்கப்பட்ட நிலம். இரண்டும் உண்மை. 'காடு' என்ற பட்டத்தை வைத்து வாதாடியவர்களுக்கு அதற்குமேல் பேச்சு எழவில்லை. காடு இல்லையென்றால் வெறும் நிலம்தானே என்ற முடிவுக்கு அந்த விவாதம் தானாகவே சறுக்கியது. 'ஆம், இது காடல்ல, இது மரவெளி. இங்கே வாழ்பவை இவை, இவற்றுக்கு இன்ன தேவை' என்று தொடங்கியிருந்தால் அந்தப் பதிலடிக்கு வேலையே இருந்திருக்காது.

காட்டுக்கும் மரவெளிக்கும் நாடு காட்டும் அக்கறையும் ஒன்றல்ல. மத்திய நீர்ப்பிடிப்பு வனப்பகுதிக்கு அடியில் குறுக்குத்தீவு ரயில் பாதையைக் கொண்டுசெல்ல 2019இல் முடிவானபோது, சுரங்கம் ஏறத்தாழ 70 மீட்டர் ஆழத்தில் போகும் என்று திட்டமிடப்பட்டது. பல கட்ட ஆய்வுகள் நடந்தன. பாராட்டத்தக்கது. கிராஞ்சியில் நடந்ததோ வேறு. அங்கே பழைய ரயில் பாதை ஓரத்து மரவெளியில் ஒரு பகுதி, ஆய்வு முடியும் முன்பே தவறுதலாக அழிக்கப்பட்டது 2021 பிப்ரவரியில் வான்படங்கள் வழியே வெளிவந்தது. வனப்பகுதிக்குள் இப்படி ஒரு 'தவறுதல்' நடந்திருக்குமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

வீடு வேண்டாமா? வேண்டும். பிடிஓ வீட்டுக்குக் காத்திருக்கும் அண்ணனோ அக்காவோ இல்லாத குடும்பம் குறைவு. எல்லா மரவெளியையும் அப்படியே வைத்திருக்க முடியாது என்பதை நான் ஏற்கிறேன். கெப்பல் குழிப்பந்துத் திடலில் ஆயிரக்கணக்கான வீடுகள் வரவிருப்பதுபோல, புல்தரைகளை முதலில் பார்க்கலாம் என்பேன். அதுவும் ஒரு கட்டத்தில் தீர்ந்துவிடும். ஆகவே எந்த மரவெளியை விடுவது, எதை வைப்பது என்ற கேள்வி வந்தே தீரும்.

அதற்குத் தெங்கா நல்ல பாடம். ஏறத்தாழ 700 ஹெக்டர், 42,000 வீடுகள், 'காட்டு நகரம்' என்ற அடைமொழி. அதில் மேற்கு, மத்திய நீர்ப்பிடிப்புப் பகுதிகளை இணைக்க 100 மீட்டர் அகலம், 5 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பசுமை வழித்தடம். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 50 ஹெக்டர். அடர்காட்டின் உள்ளே மட்டும் வாழும் உயிருக்கு 100 மீட்டர் அகலம் போதாது. இரு பக்கத்திலிருந்தும் வெயிலும் காற்றும் புகுந்துவிடும். ஓரங்களில் வாழப் பழகிய மரவெளி உயிர்களுக்கு அதே பட்டை பயனுள்ள பாதையாகலாம். எனவே அதைக் காடு என்று விளம்பரப்படுத்துவதைவிட, எந்த உயிர்களுக்காக என்று சொல்லி அதற்கேற்ற மரம் செடிகளை வளர்ப்பதே நேர்மை. எனக்கு அந்த வழித்தடம் பிடிக்கிறது, அடைமொழி பிடிக்கவில்லை.

டோவரில் 33 ஹெக்டரில் கிழக்குப் பகுதியை வீடுகளுக்கு எடுத்துக்கொண்டு, மேற்குப் பகுதியை இப்போதைக்கு விட்டுவைத்து, ஏறத்தாழ பத்தாண்டு கழித்து மறுபரிசீலனை செய்வதாக 2021இல் முடிவானது. அந்தக் கணக்கில் 2031 வாக்கில் பேச்சு மீண்டும் எழும். இன்று உயர்நிலைப் பள்ளியில் இருப்பவர்கள் அப்போது வாக்களிக்கும் வயதை எட்டியிருப்பார்கள் அல்லது நெருங்கியிருப்பார்கள். சிலர் வீட்டுக்கு விண்ணப்பிக்கவும் யோசித்துக்கொண்டிருப்பார்கள். இத்தகைய திட்டங்களின் சுற்றுச்சூழல் ஆய்வறிக்கைகள் பொதுமக்கள் கருத்துக்காக இணையத்தில் சில வாரங்கள் வைக்கப்படுகின்றன. நூற்றுக்கணக்கான பக்கங்கள் இருக்கும். முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. அங்கே எந்தெந்த உயிரினங்கள் பதிவாகியுள்ளன என்ற பட்டியலைத் திறந்து, அவற்றில் எவை ஓரங்களில் வாழ்பவை, எவை இருளில் வாழ்பவை என்று பிரித்துப் பார்த்துவிட்டுக் கருத்து எழுதுங்கள்.