சாராயம்தானா என்பது அப்புறம், முதலில் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுங்கள்

2024 ஜூன் 19. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அடுத்தடுத்துச் சாவு. காரணம் கள்ளச்சாராயம் இல்லை என்றார் அப்போதைய மாவட்ட ஆட்சியர். வயிற்றுப்போக்கு, வலிப்பு என்று வேறு காரணங்கள் சொல்லப்பட்டன. அன்றைய பொழுது முடிவதற்குள் பேச்சு மாறிவிட்டது. ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். கடைசியில் இறந்தவர்கள் 60 பேருக்கும் மேல்.

விக்கிரவாண்டி வட்டாரத்தில் சுகாதார ஆய்வாளராக ஊர் ஊராகச் சுற்றி ஓய்வு பெற்றவன் நான். அந்த மறுப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை. மெத்தனால் குடித்தவுடனே ஆளைச் சாய்க்காது. உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறி வேலையைக் காட்ட அரை நாள் ஆகும், சிலருக்கு ஒரு நாள்கூட ஆகும். அதுவரை வழக்கமான மப்பு போலத்தான் இருக்கும். பிறகுதான் வாந்தி, வயிற்றுவலி, கண் மங்கல். அதற்கு முன்பே வந்து சேர்ந்தால் மாற்று மருந்து, டயாலிசிஸ் என்று காப்பாற்ற வழி இருக்கிறது. ராத்திரி குடித்துவிட்டுத் திண்ணையில் படுத்திருக்கும் கூலிக்காரர் காதில் ‘சாராயம் இல்லையாம்’ என்று விழுந்தால் என்ன செய்வார்? புரண்டு படுப்பார். மடியில் இன்னொரு சாராயப் பாக்கெட் இருந்தால் அதையும் குடிப்பார்.

ஆய்வக முடிவு வராமல் எப்படிச் சொல்வது என்பார்கள் அதிகாரிகள். சரி. அதே முடிவு வராமல் ‘இல்லை’ என்று மட்டும் எப்படிச் சொல்ல முடிந்தது? புதிதாக வந்த நோயா இது? 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்தில் கள்ளச்சாராயம் குடித்தவர்களை எங்கள் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்குத்தான் தூக்கி வந்தார்கள். ஒரு வருஷத்தில் மறந்துபோகிற சங்கதியா?

ஆட்களை வரவழைக்க என்ன சொல்ல வேண்டும் என்பதைக் கொரோனா காலத்தில்தான் கற்றேன். 2020 மே மாதம், தொற்று பரவிய சென்னை கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பியவர்களைத் தேடி ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு போனோம். “தாமாக முன்வந்து பரிசோதனை செய்துகொள்ளுங்கள்” என்று அது பாட்டுக்குக் கத்தியது. ஒரு கதவும் திறக்கவில்லை. இறங்கி நடந்தபோது ஓர் அம்மா கேட்டார்: “எத்தன நாளு வச்சிருப்பீங்க சார்? மாட்ட யாரு பாக்குறது? கதவுல ஸ்டிக்கர் ஒட்டுவீங்களா?” அவருக்கு வேண்டியிருந்த பதில் ஒன்றுகூட அந்த ஒலிநாடாவில் இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் மாட்டைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன பிறகுதான் மகனை வெளியே அழைத்து வந்தார். தவறை ஒப்புக்கொள்ளவும் அரசால் முடியும்: அதே ஆண்டு ஜூலையில், கணக்கில் விடுபட்ட சென்னை கொரோனா இறப்புகள் 444-ஐ அரசே சேர்த்து அறிவித்தது. தாமதம்தான். ஆனாலும் கடைசிவரை மறைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

பீதி கிளம்பிவிடும் என்பது அதிகாரிகள் எப்போதும் சொல்கிற சமாதானம். கருணாபுரத்தில் அன்று பீதி கிளம்பியிருந்தால் ஆம்புலன்ஸுகள் சீக்கிரம் நிரம்பியிருக்கும். அதனால் யாருக்கு என்ன நஷ்டம்?

ஆட்சியர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். ஊரில் இரண்டாவது சாவு விழுந்ததுமே, காரணம் தெரியக் காத்திராமல், கோயில் மைக்கிலாவது இதைச் சொல்லச் சொல்லுங்கள்: “நேற்றும் இன்றும் பாக்கெட் குடித்தவர்கள், உடம்புக்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். குடித்ததற்காக யார் மேலும் வழக்குப் போட மாட்டோம். என்ன காரணம் என்று இன்னும் தெரியவில்லை. தெரிந்தவரை சாயங்காலம் 6 மணிக்குச் சொல்கிறோம்.”