கேஸை வாய்விட்டுச் செய்யுங்கோ

போன கிழமை பொட்காஸ்ட் கேட்டுவிட்டு ஒரு தங்கச்சி எழுதியிருந்தா: "அண்ணா, கன்சல்டிங் கேஸ் இன்டர்வியூவுக்கு இன்னும் 6 கிழமை இருக்கு. 40 கேஸ் வாசிச்சு முடிச்சிட்டன். 50 போதுமா?"

என்னைக் கேட்டால், எண்ணிக்கை ஒரு திட்டமே இல்லை. அந்த 40இல் எத்தனையை இன்னொரு ஆளுக்கு முன்னால் வாய்விட்டுச் செய்தீர்கள் என்பதுதான் கேள்வி.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. கம்ப்யூட்டர் சயன்ஸ் கடைசி வருடம், ரொறன்ரோவில் ஒரு கன்சல்டிங் நிறுவனத்தில் இன்டர்வியூ. பல கிளைகள் உள்ள சுப்பர்மார்க்கெட் ஒன்றுக்கு லாபம் குறையுது, ஏன்? லாபம் என்றால் வருமானத்தில் செலவைக் கழிப்பது, வருமானம் என்றால் விலையை விற்ற அளவால் பெருக்குவது. இது எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் முழு விடையும் வரட்டும் என்று கொப்பியைப் பார்த்தபடி 2 நிமிடம் பேசாமல் இருந்தேன். "என்ன யோசிக்கிறீர்கள் என்று எனக்கும் சொல்லலாமே" என்றார் எதிரில் இருந்தவர். அதோடு முடிஞ்சுது.

எங்கட வீடுகளில் சரியான விடை தெரிந்த பிறகுதான் வாயைத் திறப்போம். பெரியாக்களுக்கு முன்னால் அரைகுறையாக் கதைக்கக்கூடாது. கணக்குச் சோதனைக்கு அது நல்ல பழக்கம். கேஸில் அதுதான் ஆளைக் கவிழ்க்கும். அங்கே சிக்கலை எப்படிப் பிரிக்கிறீர்கள், பிழை விட்டால் எப்படித் திருத்துகிறீர்கள் என்பதையும் பார்க்கிறார்கள். மக்கின்சியில் பொதுவாகக் கேள்வி கேட்பவரே கேஸை நடத்துவார். பெயின், பீசீஜியில் பெரும்பாலும் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். எங்கே போனாலும் மௌனத்துக்கு மார்க் இல்லை.

அதனால் 6 கிழமையை நான் இப்படித்தான் பிரிப்பேன். முதல் கிழமை, கேஸின் அமைப்பு விளங்கும் அளவுக்கு மட்டும் வாசிப்பு; அதோடு தினமும் 15 நிமிடம் மனக்கணக்கு. 48 லட்சத்தில் 17 வீதம் எவ்வளவு? 10, 5, 2 வீதமாக உடைத்தால் 8,16,000. அடுத்த 3 கிழமையும் கிழமைக்கு 3 கேஸ், ஆளோடு இருந்து. கேஸுக்கு அரை மணித்தியாலம், எங்கே பிழைத்தது என்று கதைக்க இன்னொரு அரை மணித்தியாலம். பிழைகளை ஒரு கொப்பியில் எழுதுங்கோ. ஐந்தாம் கிழமை அந்தக் கொப்பியில் திரும்பத் திரும்ப வருகிற பிழைகளுக்கு மட்டும். கடைசிக் கிழமை கேஸைக் குறைத்து, உங்களைப் பற்றிக் கேட்கிற கேள்விகளுக்கு உங்கட சொந்தக் கதைகளைச் சொல்லிப் பழகுங்கோ.

"செய்து பாக்க ஆள் இல்லையே அண்ணா" என்பீர்கள். நியாயம்தான். பெரிய பிசினஸ் ஸ்கூல்களில் இதுக்கென்றே கிளப் இருக்கு, சீனியர்மார் இருக்கினம். எங்கட மாமாமாரில் கன்சல்டன்ட் ஒருத்தரும் இல்லை. ஆனால் கேட்கிற ஆளுக்குத் துறை தெரியத் தேவையில்லை. அடுத்த வருடம் திரும்ப முயன்றபோது நான் அம்மாவைத்தான் இருத்தினேன். ஸ்காபரோவில் ஒரு நாளைக்கு எத்தனை கொத்துரொட்டி விற்கும்? சனத்தொகை கிட்டத்தட்ட 6,30,000. பத்தில் ஒராள் மாதம் இரண்டு தரம் சாப்பிடுவார் என்று வைத்தால், நாளுக்கு 4,200. அம்மா உடனே, "பத்தில ஒராளோ? கூடச் சொல்லுறாய். சீனரும் பிலிப்பினோக்களும் கொத்தோ சாப்பிடுகினம்?" என்றா. எந்த இன்டர்வியூவிலும் வரக்கூடிய கேள்வி அது. என் ஊகத்தைக் காப்பாற்றப் பார்க்காமல் திருத்தப் பழகினது அந்தக் குசினி மேசையில்தான்.

அந்த முறை கடைசிச் சுற்று வரை போனேன். வேலை கிடைக்கேல்ல. ஆனால் இன்றைக்குக் கொன்ட்ராக்டராக ஒவ்வொரு புது கிளையன்டுக்கு முன்னாலும் தெரியாத சிக்கலை வைத்துக்கொண்டு வாய்விட்டு யோசிக்கிறேனே, அந்தப் பழக்கம் அங்கே வந்ததுதான்.

தங்கச்சிக்கு நான் எழுதின பதில் சின்னது: மிச்சம் 10 கேஸையும் விடுங்கோ. செய்த 40இல் ஆகச் சொதப்பின 5ஐ எடுத்து, இந்தச் சனிக்கிழமை ஒரு ஆளை முன்னால் இருத்திச் செய்யுங்கோ. ஒருத்தரும் இல்லையென்றால் என்னைக் கூப்பிடுங்கோ.