மலைக்கு மனுப் போடுவது யார்?

செம்மேட்டுக்குப் பஸ் வருகிறது. 70 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி, மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறது, மறுக்கவில்லை. வாழவந்தி நாட்டுத் தோழர்கள் நம்மிடம் கேட்பது வேறு. பெரிய சாலையைவிட்டு விலகி, மலை மடிப்புக்குள் கிடக்கும் ஊர்களுக்கு, மிளகும் பலாவும் அன்னாசியும் விளையும் ஊர்களுக்கு, பஸ் விடுவது யார் பொறுப்பு?

பர்மிட் கொடுக்குமுன் பொதுமக்கள் நலனைப் பார், அந்த வட்டாரத்துக்குக் கிடைக்கும் நன்மையைப் பார் என்றது 1939 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். நல்ல வாசகம்தான்! ஆனால் பார்ப்பதற்கு முதலில் ஒரு மனு வரவேண்டுமே! மனுப் போடுபவர் முதலாளி. முதலாளியின் கண் கலெக்‌ஷன் மீது. அந்த மனுக்களுக்கு மார்க் போட்டு ஆளைத் தேர்ந்தெடுக்கச் சென்னை சர்க்கார் 1956 இல் உத்தரவிட்டது. அந்த உத்தரவு செல்லாது என்று 1964 இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. இத்தனை மல்லுக்கட்டும் பணம் கொழிக்கும் ரூட்டுகளுக்காக! மலைக் குக்கிராமத்துக்குப் பஸ் விட எனக்குத்தான் உரிமை என்று கோர்ட் படி ஏற எந்த முதலாளி துடிப்பார்?

1988 ஆம் ஆண்டுச் சட்டம் கதவை அகலத் திறந்தது. மனுவைச் சாதாரணமாக மறுக்காதே என்றது. கதவு அகலமானால் போதுமா? நுழைய ஆள் வேண்டாமா?

சர்க்காரே பஸ் நடத்தலாமா என்று ஒரு காலத்தில் வழக்காடினார்கள். வகுப்புரிமைக்காகத் தமிழகம் கொதித்தெழுந்து பெற்றதே, 1951 ஆம் ஆண்டின் அரசியல் சட்ட முதல் திருத்தம், அதே திருத்தம்தான் சர்க்கார் தனியுரிமையாகத் தொழில் நடத்தவும் வழிவிட்டது. பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் போக்குவரத்துக் கழகங்கள் 1972 இல் பிறந்தன. முதலாளி எட்டிப் பார்க்காத ஊருக்கும் போவதற்கே அவை பிறந்தன என்பது நம் எண்ணம்.

2025 மே முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய மினி பஸ் திட்டத்தில் ரூட்டின் நீளம் 25 கிலோமீட்டர் வரை போகலாம். அதில் 65 விழுக்காட்டுக்குக் குறையாமல் பஸ் ஓடாத பாதையாக இருக்க வேண்டும். வரவேற்கிறோம். ஆனால் இதற்கும் மனுதாரர் வேண்டும். டயர் தேயும், டீசல் கரையும், டிக்கெட் பை நிறையாது என்று தெரிந்த பாதைக்கு மனுவே வராவிட்டால்?

வராவிட்டால் அரசுக் கழகமே ஓட்டட்டும். நஷ்டம் என்று ஏட்டைக் காட்டுவார்கள். பிரசவ வலியோடு மேடேறி நடக்கிற தாயை அந்த ஏட்டின் எந்தப் பக்கத்தில் எழுதுவது? தனியாருக்குத்தான் தருவதென்றால், வருமான ரூட்டோடு மலை நடையையும் முடிச்சுப் போடுங்கள். அன்றாடம் குறைந்தது இத்தனை நடை என்று பர்மிட்டிலேயே நிபந்தனை விதிக்க 72 ஆவது பிரிவு இடம் தருகிறதே!

மனு விசாரணையையும் ஒரு நாள் செம்மேட்டில் வையுங்கள். அதிகாரிகள் அன்று ஜீப்பை விட்டுவிட்டு, திரும்பிப் போகக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொண்டு வரட்டும்.