கணித்ததும் கண்டதும்

ஆனித் திங்களில் புளியறையில் நின்று மேற்றிசை நோக்குவார், மலைமுகட்டில் மேகங் கவிந்திருப்பதைக் காண்பர். குற்றாலத்தில் இவ்வாரமே சாரல் விழும் என்று ஊர்ப் பெரியோர் உரைப்பர். அவர் கூற்று வெறும் பேச்சன்று. பல்லாண்டுப் பழக்கத்தினின்று பிறந்தது. ஆயினும், அருவியில் நீர் பெருகக் கண்டபின்னரன்றிப் பெருகிற்று என்று எவரும் சொல்லார். இவ்வெளிய ஒழுங்கு, விஞ்ஞானம் பயிலும் நம் மாணாக்கரிடையே தளர்ந்து வருகின்றதோ என்னும் ஐயமே இதனை எழுதத் தூண்டிற்று.

செயற்கையில் ஆக்கப்பட்ட மிகு கன மூலகங்களுள் 114ஆவதாகிய பிளெரோவியத்தை எடுத்துக்கொள்வோம். ருஷ்ய தேசத்து டுப்னா ஆராய்ச்சிசாலையார், அமெரிக்கரோடு கூடி, புளூட்டோனியம் 244இன்மேல் கால்சியம் 48ஐ மோதுவித்து இதனைப் பெற்றனர். 1999இல் செய்தி வெளியாயிற்று. 2012இல் பெயர் இடப்பட்டது. அணுக்கருவில் நியூட்ரான்கள் 50, 82, 126 என்னும் எண்களில் நிறைவுறுங்கால் கரு உறுதி பெறும். அடுத்த நிறைவெண் 184 எனக் கணித்தோர், 114 புரோட்டான்களும் 184 நியூட்ரான்களும் உடைய பிளெரோவியம் 298 என்னும் ஐசோடோப்பு நெடிது நிலைக்கும் என்றனர். இவ்வெண்களை அடுத்த கருக்கள் சிலவற்றுக்குக் கோடிக்கணக்கான ஆண்டு ஆயுள் தந்தோரும் 1960களில் இருந்தனர். பிற்காலத்தார் கணக்கோ நிமிஷம், நாள், ஆண்டு எனப் பலவாறு வேறுபடுகின்றது.

ஆனால் அந்த 298ஐ இதுவரை எவரும் ஆக்கினாரல்லர். ஐயமற அளந்தவற்றுள் மிகக் கனமானது 289. அதில் உள்ள நியூட்ரான்கள் 175. இன்னும் ஒன்பது குறைவு. அதன் அரையாயுள் ஏறக்குறைய 2 விநாடியே.

கணிப்பை இகழ்வதன்று நம் நோக்கம். பிளெரோவியம் 286இன் அரையாயுள் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு அளவினது. மூன்று நியூட்ரான் கூடிய 289க்கோ அது பன்மடங்கு நீள்கின்றது. கணித்த திசை பிழையன்று என்பதற்கு இது நல்ல சான்று. மேகம் மலைமேல் உளது. நாம் இன்னும் நனைந்தோமில்லை.

இரண்டையும் ஒன்றெனக் கொண்டால் விளைவது யாது? புளியறையைப் போலவே 1956இல் சென்னை இராஜ்யத்தோடு சேர்ந்த மணவாளக்குறிச்சியின் கடல்மணலில் மோனசைட்டு உண்டென்பதை நம்மவர் அறிவர். அதிலுள்ள தோரியம் 232இன் அரையாயுள் 1,400 கோடி ஆண்டு. அத்தோரியம் போலவே மிகு கன மூலகமும் பண்டுதொட்டு அழியாது மோனசைட்டில் தங்கியிருக்கலாகாதோ என்று சிலர் எண்ணினர். 1976இல் அமெரிக்க விஞ்ஞானிகள் சிலர், மடகாஸ்கர் தீவின் மோனசைட்டில் 126ஆம் மூலகத்தின் அடையாளத்தைக் கண்டதாக அறிவித்தனர். பிறர் ஆராய்ந்தபோது, அவர் கண்ட கதிர், மோனசைட்டிலேயே மிகுந்துள்ள சீரியத்தைப் புரோட்டான் தாக்கியதால் எழுந்தது என்று தெளிவாயிற்று. கற்றோர் கண்ணுக்கும் எதிர்பார்த்ததே தோன்றுமாயின், கற்பார் எத்துணை விழிப்பாயிருத்தல் வேண்டும்!

ஆதலின், ஐசோடோப்புகளின் ஆயுளைக் குறிப்பேட்டில் எழுதுங்கால், அளந்ததை ஒரு வரிசையிலும் கணித்ததை மற்றொரு வரிசையிலும் எழுதுக. கணிப்பாயின் அது எந்த ஆண்டினது என்பதையும் உடன் குறிக்க. பரீட்சைக்கு இஃது எதற்கு என்பார் உளர். பரீட்சை ஒரு நாளோடு முடியும். அறிந்ததையும் எதிர்பார்ப்பதையும் பிரித்துணரும் பழக்கமோ வாழ்நாள் முழுதும் துணை நிற்கும். மேகத்தைக் கண்டு மகிழ்வோம். சாரல் விழுந்தபின் விழுந்தது என்போம்.