குடும்பம்னா ரெண்டரைப் பேரா? – தில்லி லாட்ஜ் புராணம்

முதல்லயே சொல்லிடறேன், இது கொஞ்சம் காரமான பதிவு. செமஸ்டர் லீவு வருது. வகுப்புல பாதிப் பேர் வீட்டோட தில்லி கிளம்பறாங்க. ஒரே கேள்விதான் சுத்திச் சுத்தி வருது: "மச்சி, ஃபேமிலியோட தங்க தில்லில சீப்பா ஹோட்டல் சொல்லுடா." பதிலும் ஒண்ணேதான்: "மகிபால்பூர். ஏர்போர்ட் பக்கம். ஏசி ரூம் ஆயிரத்து இருநூறு. கண்ண மூடிட்டுப் போடு."

கண்ணை மூடிக்கொண்டு போடுவதுதான் பிரச்சினையே என்பது என் கட்சி.

மூன்று வருஷமா காஸ்ட் அக்கவுண்டிங் படிக்கிறோம். ஒரு பேனா செய்ய ஆகும் செலவைக் கேட்டால் மூலப்பொருள், கூலி, மேல்செலவு என்று மூன்று பத்தி எழுதுவோம். சொந்த வீட்டு ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு போகும்போது மட்டும் அறை வாடகை என்ற ஒரே எண்ணைப் பார்த்துவிட்டு "சீப்" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அது மூலப்பொருள் மட்டும்தாங்க. மிச்சச் செலவு யார் தலையில் விழுகிறது?

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். அப்பா, அம்மா, பாட்டி, நான், தம்பி, தங்கை. ஆறு பேர், இரண்டு அறை. மகிபால்பூரில் அறைக்கு 1,200 என்றால் நாளுக்கு 2,400. கரோல் பாகில் வரி சேர்த்து அறைக்கு 2,000 என்று வைத்துக்கொள்வோம், நாளுக்கு 4,000. (விலை இரண்டும் கணக்குக்காக எடுத்தது, சீசனுக்கு ஏற்ப ஏறும் இறங்கும்.) ஆக ஒரு நாளைக்கு 1,600 ரூபாய் மிச்சம். அப்பா முகத்தில் வெற்றிப் புன்னகை.

இப்போது செங்கோட்டைக்குப் போவோம். மகிபால்பூரிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர். ஆறு பேர் சின்னக் காரில் ஏற முடியாது. பெரிய வண்டி ஒரு தடவைக்கு 800 என்று போட்டால், போய்வர 1,600. மிச்சம் பிடித்தது அங்கேயே காலி. கரோல் பாகில் தங்கினவர் நீலத் தடத்தில் ஏறி, மண்டி ஹவுஸில் மாறி, லால் கிலா நிலையத்தில் இறங்கலாம். 2025 ஆகஸ்டில் கட்டணத்தை ஏற்றின பிறகும் ஆளுக்கு 32 ரூபாய். ஆறு பேருக்குப் போய்வர 384. ஆகக் கடைசியில் இரண்டு ஹோட்டலுக்கும் உள்ள வித்தியாசம் 1,600 இல்லை, வெறும் 384!

"ஏன், ஏரோசிட்டி மெட்ரோ இருக்கே?" என்று ஒருத்தன் கிளம்புவான். இருக்கு, அருமையான ரயில், இருபது நிமிஷத்தில் புது தில்லி ஸ்டேஷன். ஆனால் லாட்ஜிலிருந்து அந்த நிலையத்துக்கு ஆறு பேரும் எப்படிப் போவீர்கள்? இரண்டு ஆட்டோ. திரும்பும்போது ராத்திரியில் இன்னும் இரண்டு ஆட்டோ. விமானத்தைப் பிடிக்க ஒரு ராத்திரி மட்டும் தங்குகிறவருக்கு மகிபால்பூர் சரி. ஐந்து நாள் ஊர் சுற்ற வந்த குடும்பத்துக்கு அது வேற ஊர்.

இந்த 384 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது என்பதைத்தான் யாரும் எழுதுவதில்லை. மத்தியானம் திரும்பி வரும் வசதி! மே மாசத்து தில்லி வெயிலில் செங்கோட்டையைப் பார்த்துவிட்டு ஒரு மணிக்குப் பாட்டிக்குத் தலை சுத்துது என்றால், பக்கத்தில் தங்கினவர் அறைக்கு வந்து இரண்டு மணி நேரம் படுத்துவிட்டு, சாயங்காலம் இந்தியா கேட் போகலாம். தூரத்தில் தங்கினவர் பாட்டியை ஏதாவது மரத்தடியில் உட்கார வைத்து, பக்கத்தில் அம்மாவையும் காவலுக்கு வைத்துவிட்டு மிச்ச நாலு பேர் மட்டும் சுற்றுவார்கள். கவனிச்சுப் பாருங்க, ஒவ்வொரு குடும்பச் சுற்றுலாவிலும் பாதி இடத்தைப் பார்க்காமலே ஊர் திரும்புகிற ஆள் அம்மாதான். அந்தச் செலவு எந்தப் பில்லிலும் வராது.

அடுத்து நம்ம பயலுகளின் புகழ்பெற்ற வசனம்: "ரூமுக்குத் தூங்க மட்டும்தானடா போறோம், எப்படி இருந்தா என்ன?" ஐயா, அது நாலு பசங்க கோவா போகிற கணக்கு. தூங்கக்கூட மாட்டீங்க, தெரியும் :-) எழுபது வயசுக்காரருக்கு அறைதான் பாதிப் பயணம். லிஃப்ட் இருக்கா, லிஃப்டுக்கு முன்னாடி எட்டுப் படி இருக்கா, கழிவறை வெஸ்டர்னா இந்தியனா, வெந்நீர் நாள் பூரா வருமா இல்லை காலை ஏழு வரைக்குமா, இதெல்லாம் தெரியாமல் புக் செய்வது பாட்டியின் முழங்காலை வைத்துச் சூதாடுவது. நட்சத்திரம் பார்த்துப் போட்டேன் என்பீர்கள். அந்த ஐந்து நட்சத்திரத்தைக் குத்தினவர் ஆபீஸ் வேலையாக வந்து ஒரு ராத்திரி தனியாகத் தங்கினவராக இருக்கலாம். அவருக்கு வைஃபை நல்லா வந்தது, அவ்வளவுதான். "பெற்றோருடன் தங்கினோம்" என்று எழுதின நாலு பேரைத் தேடிப் படியுங்கள், அதிலும் திட்டினவர்களை முதலில்.

இனி தலைப்புக்கு வருகிறேன். இந்த "ஃபேமிலி" என்ற சொல். நம்ம ஊரில் லாட்ஜ் வாசலில் "குடும்பத்துடன் தங்கச் சிறந்தது" என்று போர்டு இருக்கும். உள்ளே குழந்தைக்குப் பால் காய்ச்ச ஒரு கெட்டில் இருக்காது, துணி காயப்போடக் கொடி இருக்காது. பின்னே எதுக்கு அந்தப் போர்டு? கல்யாணம் ஆகாத ஜோடியை உள்ளே விட மாட்டோம் என்று அர்த்தம், வேறொன்றுமில்லை. யாரை வெளியே நிறுத்துவோம் என்பதைச் சொல்லும் சொல் அது. உள்ளே வந்த குடும்பத்துக்கு என்ன தருவோம் என்பதைப் பற்றி அதற்கு ஒரு கவலையும் கிடையாது.

ஆன்லைன் செயலிகளில் நிலைமை வேறு விதமாக மோசம். அங்கே குடும்பம் என்றால் இரண்டு பெரியவர், ஒரு குழந்தை. ரெண்டரைப் பேர்! குழந்தை என்பது எத்தனை வயசு வரைக்கும் என்பது ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும். ஓரிடத்தில் ஐந்து, ஓரிடத்தில் எட்டு, ஓரிடத்தில் பன்னிரண்டு. போன வருஷம் ஒரு ஹோட்டலில் (பெயர் வேண்டாம்) பன்னிரண்டு வயசுத் தங்கையைப் பெரியவராகக் கணக்கெடுத்து, கூடுதல் படுக்கை என்று ஒரு தொகை கேட்டார்கள். வந்தது படுக்கை இல்லை, ஒரு பழைய மெத்தை. அப்பா பேசாமல் கொடுத்துவிட்டார். ராத்திரி பத்தரை மணிக்குப் பெட்டிகளோடு நிற்கிறவர் பேரம் பேச மாட்டார் என்பது அந்த கவுண்டரில் இருந்தவருக்கு நன்றாகவே தெரியும்.

முதல் திரையில் ஒரு விலை, கடைசித் திரையில் வேறு விலை காட்டும் வித்தைக்கு 2023 நவம்பரில் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளில் பெயரே உண்டு, டிரிப் பிரைசிங். "இன்னும் ஒரே ஒரு அறைதான்!" என்று பொய்யாகச் சிவப்பில் மிரட்டுவதும் அதே பட்டியலில் இருக்கு. தடை செய்தாச்சு. நிறுத்திட்டாங்களா என்பதை உங்க போனையே திறந்து பாருங்கள்.

ஜிஎஸ்டி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், காமர்ஸ் பசங்களுக்கே இது தெரியவில்லை. 2022 ஜூலை 18 வரை ஆயிரம் ரூபாய்க்குக் கீழே உள்ள அறைக்கு வரியே கிடையாது. அதன் பிறகு அதற்கும் 12 சதவீதம் போட்டார்கள், ஏழை பாழை தங்கும் அறைக்கும் சேர்த்து. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 5 சதவீதம்தான். இந்த வரம்பு ஓர் அறைக்கு ஒரு நாளைக்கு. இரண்டு அறை சேர்த்து 8,000 ஆனாலும் 5 சதவீதமே. பில்லில் 12 இருந்தால் அங்கேயே நின்று கேளுங்கள்.

இதையெல்லாம் விட முக்கியமான ஒன்று இருக்கு. கரோல் பாகை இவ்வளவு புகழ்ந்தேன் இல்லையா? அதே கரோல் பாகில் 2019 பிப்ரவரி 12 விடியற்காலை அர்பித் பேலஸ் என்ற ஹோட்டலில் தீப்பிடித்து 17 பேர் செத்துப் போனார்கள். அழகுக்காக நடைபாதைச் சுவரில் மரப்பலகை அடித்திருந்தார்கள், தீ அதைப் பிடித்துக்கொண்டு ஓடியது. 2025 ஏப்ரல் 29 இரவு கொல்கத்தா புர்ராபஜாரில் ரிதுராஜ் ஹோட்டலில் தீ. பெரும்பாலானவர்கள் புகையில் மூச்சுத் திணறியே இறந்தார்கள். இறந்தவர்களில் தமிழ்நாட்டிலிருந்து சுற்றுலா போன ஒரு குடும்பத்தின் குழந்தைகள் இருவரும் உண்டு. அவர்களும் நம்மைப் போல லீவுக்கு ஊர் பார்க்கப் போனவர்கள்தான்.

அதனால்தான் "சீப்பா இருக்கு" என்று சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. கரோல் பாகிலும் பஹார்கஞ்சிலும் ஜன்னலே இல்லாத அறைகள் எத்தனையோ இருக்கின்றன. விளம்பரப் படத்தில் திரைச்சீலை தொங்கும், விலக்கினால் சுவர்! முன்பணம் கட்டுவதற்கு முன் போன் செய்து கேளுங்கள்: திறக்கிற ஜன்னல் இருக்கா? இரண்டாவது மாடிப்படி இருக்கா, அது பூட்டாமல் இருக்குமா? கீழ்த்தளத்திலோ முதல் மாடியிலோ அறை தருவீர்களா? இந்தி தெரியாதா, வகுப்பில் தெரிந்தவனைப் பேசச் சொல்லுங்கள். எதிர்முனையில் எரிச்சலாகப் பதில் வந்தால் அந்த ஹோட்டலை விடுங்கள், ஊரில் வேறு ஹோட்டலா இல்லை? அங்கே போய்ச் சேர்ந்ததும் பெட்டியை வைக்கும் முன்னால் அந்தப் படி எங்கே இறங்குகிறது என்று ஒருத்தர் நடந்து பார்த்துவிட்டு வரணும். இரண்டு நிமிஷ வேலை.

"இப்படியெல்லாம் பார்த்தா பணக்காரன்தான் தில்லி போகணும்" என்று அடுத்த அம்பு வரும். இல்லவே இல்லை. ஐந்து நாளை நாலு நாளாகக் குறையுங்கள். முதல் நாளில் ரயில் களைப்பு மட்டும் போக வேண்டுமென்றால், உறுதியான டிக்கெட் இருப்பவர்களுக்கு ரயில்வேயின் ஓய்வறை இருக்கு, முன்கூட்டியே புக் பண்ணலாம். ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் கன்னாட் பிளேஸ் பக்கத்தில் பங்ளா சாஹிப் குருத்வாரா, யார் வேண்டுமானாலும் தரையில் உட்கார்ந்து சாப்பிடலாம், காசு கேட்க மாட்டார்கள். மிச்சம் பிடிக்க இப்படி ஆயிரம் வழி இருக்கும்போது பாட்டியின் காலிலும் அம்மாவின் தூக்கத்திலும்தான் பிடிக்கணுமா?

மகிபால்பூர் கோஷ்டிக்கு ஒரு வேண்டுகோள். சண்டைக்கு வரும்போது ஆறு பேருக்கான கணக்கோடு வாங்க. வண்டிச் செலவு, மத்தியான ஓய்வு, கூடுதல் மெத்தை எல்லாம் அதில் இருக்கணும். ஆயிரத்து இருநூறு என்ற ஒற்றை எண்ணோடு வருகிறவர்களுக்கு இங்கே பதில் கிடையாது :-)